இரண்டு கோடிகள்

குரும்பலூர்ப் பக்கம் 'கோடி வீடு' என்றால் தெருவின் கடைசி வீடு. காரை ஓடைகளில் கல்லாகிக் கிடக்கும் சிப்பிகளைத் தவிர, கடலோடு எங்களுக்கு ஒட்டுறவு கிடையாது. அதுவும் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்த கடல். (இந்தக் கோடி வேறு.) ஆனாலும் கடலோரத்துக் கோடிகள் இரண்டையும் பார்த்து வந்தபோது, தெருக்கோடிச் சொல்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

ஒன்று வேதாரண்யத்துக்குத் தெற்கே உள்ள கோடிக்கரை. மற்றது இராமேசுவரம் தீவிலிருந்து கடலுக்குள் நீளும் மணல் நாக்கான தனுஷ்கோடி.

'கோடுதல்' என்றால் வளைதல். நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே நேராக இறங்கும் கரை, கோடிக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. வரைபடம் இல்லாத காலத்திலும், வள்ளம் ஓட்டியவனுக்கு இந்தத் திருப்பம் தெரிந்திருக்கும். பெயர் நிலத்தைப் பார்த்து வைத்தது என்றே எனக்குப் படுகிறது. தனுஷ்கோடியின் பெயரோ கதையிலிருந்து வந்தது: வீடணன் கேட்டுக்கொண்டதால் இராமன் வில்லின் நுனியால் சேதுவை உடைத்த இடம். இங்கே கோடி என்பது முனை.

அதற்காகக் கோடிக்கரையை இராமன் விட்டுவிடவில்லை. இலங்கையை அவன் நோட்டமிட்ட மேடு என்று அங்கும் 'இராமர் பாதம்' காட்டுகிறார்கள். அதன் கடலுக்கு ஆதிசேது என்று பெயர். தாலமியின் பழைய நிலநூல் இன்னும் குழப்புகிறது. கோரி என்றும் கல்லிகிகோன் என்றும் அது சொல்லும் முனையைச் சிலர் இங்கே கொண்டுவருகிறார்கள், சிலர் அங்கே கொண்டுபோகிறார்கள்.

வெள்ளைக்காரன் வரைபடத்தில் கோடிக்கரை 'பாயிண்ட் கலிமர்' ஆனது. பக்கத்து ஊரான கள்ளிமேட்டின் பெயரே அப்படித் திரிந்தது என்பார்கள். எனக்கு அதில் ஆட்சேபமில்லை. ஆனால் 1967-இல் சரணாலயம் அமைத்தபோதும் ஆங்கிலத்தில் கலிமரையே தொடர்ந்ததுதான் உறுத்துகிறது. பக்கத்து மறைக்காட்டின் கதையும் இப்படித்தான். மறை வேதமாகி, ஊர் வேதாரண்யம் ஆயிற்று. 'மரை' என்ற மானிலிருந்து வந்த மரைக்காடுதான் அது என்று வாதிடுவோரும் உண்டு. வெளிமான்கள் இன்றும் அங்கே மேய்வதைப் பார்த்தால் அந்த வாதத்தின் பக்கம் சாயத் தோன்றுகிறது.

தனுஷ்கோடிக்கு ஆங்கிலப் பெயர் ஒட்டவில்லை. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, சென்னையிலிருந்து போட் மெயில் வந்து, தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலத்திலும் நிலையத்தின் பெயர் தனுஷ்கோடிதான். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல், பயணிகளோடு ஒரு ரயிலையும் ஊரையும் சேர்த்துக் கொண்டுபோயிற்று. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

கோடிக்கரைக்கும் அடி விழாமலில்லை. சோழர் காலத்தது எனச் சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் 2004 ஆழிப்பேரலையில் விழுந்தது. ஆனால் ஊர் இருக்கிறது, காடு இருக்கிறது, மீன் ஏலம் நடக்கிறது. பொன்னியின் செல்வனில் பூங்குழலி படகோட்டிய இடம் எது என்று கேட்டு வருகிறவர்களுக்கு வழி சொல்ல ஆளும் இருக்கிறது.

தனுஷ்கோடியில் 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை. போகிற வழியில், கூரையில்லாத தேவாலயத்தின் நிழலில் சிப்பி மாலை விற்கிறார்கள்.