மேனியில் எழுதிய தெய்வம்

வரலாற்றாசிரியர் கல்லையும் செப்பேட்டையும் ஓலையையும் சான்றாகக் கொள்வர். மனிதத் தோலைச் சான்றாகக் கொள்வோர் சிலரே. கல்வெட்டு, அதனை வெட்டுவித்தவன் மறைந்த பின்னரும் நிற்கின்றது. தோலில் எழுதப்பட்டதோ அதனைத் தாங்கியவரோடு சுடலை சேர்கின்றது. மட்டக்களப்பின் பழமையை ஆராய்வோர்க்கு இவ்வேறுபாடு சிறப்பாக நோக்கற்பாலது. எவ். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும், வித்துவான் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகமும் குடிகளின் பெருமையையும் கோயில்களின் உரிமையையும் நமக்கு எடுத்துரைக்கின்றன. வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நெல் விதைத்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த எளியோர் தம் தெய்வத்தைத் தம் உடலில் எவ்வாறு தாங்கினர் என்பது அவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க வினாவாகும். தெய்வக் குறியை உடலிற் பொறிக்கும் வழக்கம் தமிழரிடையும் அயலாரிடையும் பெற்ற பொருள்களை எடுத்துக்காட்டி, அவற்றுள் மட்டக்களப்பின் நிலை யாதெனக் காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வழக்கத்துக்குத் தமிழில் வழங்கும் பெயர் பச்சை குத்துதல் என்பதாகும். கரியினாலாகிய மை தோலின் கீழ்ச் சென்றதும் நீலமும் பசுமையும் கலந்த நிறமாய்த் தோன்றுவதால் இப்பெயர் அமைந்தது எனலாம். சிங்களத்திலும் இதனைப் ‘பச்ச’ என்றே வழங்குவர். இத்தொழிலின் நுட்பத்தை எட்கார் தேர்ஸ்டன் 1906இல் வெளியிட்ட தென்னிந்திய இனவியற் குறிப்புகளில் விளக்கியுள்ளார். மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் சேர்த்தரைத்து மெல்லிய துணியிற் பூசித் திரியாக்குவர். ஆமணக்கெண்ணெய் விளக்கில் அதனை எரித்து, மேலே புதுச் சட்டி ஒன்றைக் கவிழ்ப்பர். சட்டியிற் படிந்த கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்தால் மை ஆயத்தமாகும். நூலாற் சேர்த்துக் கட்டிய தையலூசிகளே கருவி. ஊரூராகச் சென்று பச்சை குத்தியவர்கள் பெரும்பாலும் குறவர் குலப் பெண்களே. புள்ளியும் கோடும் கோலமும் தேளும் மீனும் மலரும் அவர்கள் கையிலிருந்து பிறந்தன. பெண்ணின் நகைகளை எல்லாம் இறப்பின்போது களைந்துவிடுவர், பச்சை ஒன்றே உடன் வரும் என்னும் நம்பிக்கை இந்தியக் கிராமங்கள் பலவற்றில் வழங்கியது. நிலமும் பொன்னும் இல்லாதவள் எவராலும் பறிக்கவியலாத உடைமையைத் தன் மேனியிலேயே தேடிக்கொண்டாள் என்பது இதனாற் பெறப்படும்.

அழகுக்காக இட்ட பச்சையினின்றும் தெய்வக் குறி வேறுபட்டது. சங்க இலக்கியம் கூறும் தொய்யில், சந்தனக் குழம்பால் எழுதப்பட்டு நீராடும்போது அழிந்து போவது. அது காதலுக்கும் அழகுக்கும் உரியது. அழியாத குறியை இறைவனிடம் இரந்து நின்றவராக நாம் அறிபவர் திருநாவுக்கரசர். ஏழாம் நூற்றாண்டினரான அவர் சமணத்தினின்று சைவத்துக்கு மீண்டவர். பெண்ணாகடத்துத் திருத்தூங்கானைமாடத்தை அடைந்தபோது, சமணத் தொடர்புற்ற உடலோடு வாழ ஒருப்படாதவராய்ச் சூலக்குறியும் இடபக்குறியும் தம்மேற் பொறிக்குமாறு வேண்டினார் என்றும், சிவபூதம் ஒன்று அவற்றை அவர் தோளிற் பொறித்தது என்றும் சேக்கிழார் கூறுவார். வைணவரும் பஞ்ச சம்ஸ்காரத்தின்போது சங்கு சக்கரப் பொறிகளைச் சூடேற்றித் தோளில் ஒற்றிக்கொள்வர். இவை அடைக்கலத்தின் அடையாளங்கள்.

ஆயின் அதே சூலம் உடைமையின் அடையாளமாகவும் இருந்தது. கோயிலுக்குரிய தேவரடியார் சிலர்மீது அரண்மனை இலச்சினை இடப்பட்டதையும், பின்னர் அது தவறெனக் கண்டு சூல இலச்சினை இடப்பட்டதையும் சோழர் காலத்துக் காளத்திக் கல்வெட்டு ஒன்றால் அறிகின்றோம். அரசனுக்கும் கோயிலுக்கும் இடையே அப்பெண்கள் கைமாறினர். அவர்களுடைய விருப்பம் அங்கே வினவப்பட்டதாகத் தோன்றவில்லை. நாவுக்கரசர் இரந்து பெற்ற சூலமும் அப்பெண்கள்மேல் இடப்பட்ட சூலமும் வடிவில் ஒன்றாயினும் பொருளில் நேர்மாறானவை. ஆகவே குறி யாது என்று கேட்பதோடு அமையாது, அதனை யார் விரும்பினர், யார் இட்டனர் என்றும் வரலாற்று மாணவர் கேட்டல் வேண்டும்.

இவ்வினாவோடு மட்டக்களப்புக்கு மீள்வோம். இப்பகுதிச் சமூகம் தாய்வழிக் குடிகளாக அமைந்தது. கோயில் வண்ணக்கர் பதவியும் திருவிழா உரிமையும் குடிமுறையாலேயே வரையறுக்கப்பட்டன. மந்தை வளம் மிக்க படுவான்கரையில் மாடுகளுக்குக் குறிசுடும் வழக்கமும் இருந்தது. பட்டியினின்றும் பிரிந்து வயலிலும் காட்டிலும் அலையும் மாடு எவருக்குரியது என்பதைச் சூட்டுக்குறி காட்டிக்கொடுக்கும். இடபக் குறியைத் தம் தோளில் வேண்டிய நாவுக்கரசர், தம்மை இறைவனின் பட்டிக்குரியவராக எண்ணினார் என்று இப்பின்னணியில் வைத்துப் பொருள் கொண்டால் அவ்வேண்டுதலின் ஆழம் நமக்கு நன்கு புலனாகும்.

மட்டக்களப்பின் சடங்குகளை நோக்குமிடத்து, தெய்வம் மனித உடலை ஒரு காலவரையறைக்குள் ஏற்றுக் கொள்வதையே காண்கின்றோம். தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் முதலான ஊர்களில் வைகாசியில் நிகழும் கண்ணகி அம்மன் சடங்கு கதவு திறத்தலோடு தொடங்கிக் குளிர்த்தியோடு நிறைவெய்தும். கட்டாடியாரும் தெய்வமாடுவோரும் அந்நாள்களில் விரதத்தால் தம்மைத் தெய்வத்துக்குரியவராக்கிக் கொள்வர். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் ஊரவரே பாண்டவராகவும் திரௌபதையாகவும் கோலங்கொண்டு வனவாசம் சென்று, இறுதியில் தீ மிதிப்பர். மணிக்கட்டில் மஞ்சட் காப்பு உள்ளளவும் அவர் தெய்வத்தின் ஆள். காப்பு அவிழ்ந்ததும் மீண்டும் உழவர் அல்லது மீனவர். முள்ளுக்காவடி எடுத்தவரின் காயமும் திருநீற்றின் கீழ் ஆறிவிடும். கட்டி அவிழ்க்கப்படும் இக்காப்பு, குத்தி அழியாத பச்சைக்கு மட்டக்களப்பு மரபு அளித்த மாற்று எனக் கூறுதல் பொருந்தும்.

காப்பு எல்லாருக்கும் எளிதிற் கிட்டியதன்று. கோயில் உரிமை குடியாலும் சாதியாலும் வரையறுக்கப்படும்போது, வெளியே நிறுத்தப்பட்டவர் எங்கே செல்வர்? இந்தியாவின் சத்தீசுகட்டைச் சேர்ந்த ராமநாமிகள் இதற்கு ஒரு விடை தந்தனர். கோயிலில் இடம் மறுக்கப்பட்ட சமூகத்தினரான அவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் பரசுராம் என்பவரைப் பின்பற்றி ராம நாமத்தை உடலிற் பச்சை குத்திக்கொள்ளத் தொடங்கினர். நெற்றியிலும் முகத்திலும் மேனி முழுவதிலும் அந்நாமத்தை ஏற்றோர் உளர். அவர்கள் வணங்கும் ராமன் உருவமற்றவன். கருவறை மூடப்பட்டபோது உடலே கருவறையாயிற்று. அவர்களின் இளந்தலைமுறையினர் வேலை தேடிச் செல்லுமிடங்களில் ஏளனத்துக்கு அஞ்சி முழுமேனிப் பச்சையைத் தவிர்ப்பதும் இன்று காணப்படுகின்றது.

உள்நாட்டுப் போர் மட்டக்களப்பின் உடல்கள்மேல் வேறு குறிகளை எழுதிற்று. கைது, சித்திரவதை, எறிகணை ஆகியவற்றின் தழும்புகள் எவரும் வேண்டிப் பெற்றவை அல்ல. மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுகள் இக்காலத்து அம்மன் வழிபாட்டை விரிவாகப் பதிவு செய்தன. காணாமற்போன மகன் உயிரோடிருக்கின்றானா என்று அறிய, தாய்மார் தெய்வமேறிக் குறி சொல்லும் பெண்களை நாடினர். தீமிதிப்பும் காவடியும் பெருகின. பிறர் வலிந்து இட்ட காயத்தைத் தாங்கிய சமூகம், தானே விரும்பி ஏற்கும் காயத்தைத் தெய்வத்தின் முன் வைத்தது. உடல் தனக்குரியதே என்பதை மீட்டுரைக்கும் செயலாக இதனைக் கொள்ளலாம்.

இக்காலத்து இளைஞர் இயந்திர ஊசியால் ஓங்காரத்தையும் வேலையும் சூலத்தையும் தோளில் எழுதிக்கொள்கின்றனர். இதனை வெறும் நாகரிக மோகம் என ஒதுக்குவோர் உளர். ஆயினும் தெய்வக் குறி இன்றும் வலிமையுடையது என்பதற்கு அண்மை நிகழ்ச்சி ஒன்றே போதும். கையிற் புத்தர் உருவைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பயணி ஒருவர் 2014இல் கட்டுநாயக்கவிற் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டதென 2017இல் இலங்கை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து இழப்பீடு வழங்கப் பணித்தது. ஒருவர் பக்தியோடு ஏற்றதாகக் கூறும் குறியை மற்றொருவர் அவமதிப்பாகக் காண்கின்றார். பொருளை உறுதிசெய்யும் உரிமை தாங்குபவருக்கா, பார்ப்பவருக்கா என்பதே அங்கு எழுந்த வழக்கு.

கோயில் மதிலில் எழுதியவற்றைப் படியெடுக்க நாம் கற்றுள்ளோம். முதியோர் மேனியில் எழுதியவற்றைப் படிக்கவும் கற்றல் வேண்டும். 1961 வரை மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அக்கரைப்பற்றை அண்மிய அளிக்கம்பையில், வீட்டில் தெலுங்கு பேசும் குறவர் வாழ்கின்றனர். பாம்பாட்டுதலும் கைபார்த்துக் குறி சொல்லுதலும் அவர்தம் மரபுத் தொழில்கள். அங்கும், வாவியின் இருகரை ஊர்களிலும், நம் பாட்டிமார் கைகளிலும், நம் மாணவர் கேட்டறிய வேண்டியவை பல. கேட்கும்போது உரியவரின் இசைவைப் பெறுதல் முதற் கடன். குறிகளை வரைந்து கொள்வதோடு, அதனை இட்டவர் யார், எந்த வயதில், எவர் விருப்பத்தால், எத்தெய்வத்தை எண்ணி என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். தம் பெயரைக் கல்லில் எழுத வாய்ப்பற்றோர் விட்டுச்செல்லும் ஏடு அது. அவ்வேட்டுக்கு மறுபடி இல்லை. அதனைத் தாங்கியோர் நம்மிடையே உள்ளபோதே இப்பணியை மேற்கொள்வது பல்கலைக்கழகத் தமிழ் மாணவரின் கடமையாகும்.