கோடை லீவு யாருக்குச் சொந்தம்? முகாம் திரைப்படமும் சுரண்டைப் பிள்ளைகளும்

எரிக் கேஸ்ட்னர் 1949இல் எழுதிய ஜெர்மன் சிறுவர் நாவலில், பிரிந்து வளர்ந்த இரட்டைச் சிறுமியர் ஏரிக்கரை விடுமுறை இல்லமொன்றில் சந்திக்கிறார்கள். டிஸ்னியின் 'தி பேரன்ட் டிராப்' (1961) அந்த இல்லத்தை அமெரிக்கக் கோடை முகாமாக்கியது. கிருஷ்ணன்–பஞ்சு இயக்க, ஏவி.எம். தயாரித்த 'குழந்தையும் தெய்வமும்' (1965) அதே கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. இரட்டை வேடத்தில் குட்டி பத்மினி நடித்தார். கதையின் முடிச்சு அப்படியே இருக்கிறது. முகாம் மட்டும் இல்லை. பிள்ளைகள் பள்ளி வழியே சந்திக்கிறார்கள். இந்த விடுபாட்டைத் திரைக்கதை வசதி என்று சொல்லிக் கடந்துவிட முடியாது.

'மீட்பால்ஸ்' (1979) நகைச்சுவை. 'ஃப்ரைடே த தர்ட்டீன்த்' (1980) கொலைத் திகில். இரண்டும் ஒரே ஏற்பாட்டின் மேல் நிற்கின்றன: பெற்றோர் பணம் கட்டிப் பிள்ளையைக் காட்டோரம் விட்டுச் செல்கிறார்கள், கோடையில் அப்பிள்ளையின் கைகள் வீட்டுக்குத் தேவைப்படுவதில்லை. தமிழில் முகாம் படம் உருவாகாததற்குக் காடும் மலையும் இல்லாதது காரணமாக இருக்க முடியாது. தென்காசி மாவட்டத்துச் சுரண்டையிலிருந்து பார்த்தாலே மேற்கே மலை தெரியும்.

சுரண்டைப் பிள்ளைகளின் லீவு ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வருகிறது. அப்போது குற்றால அருவிப் பாறை பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று சாரலைக் கொண்டுவரும்போது பள்ளிக்கூடமும் திறந்துவிடும். பக்கத்து ஊர் அருவியின் சீசன் இப்படிப் பெரியவர்களின் சீசனாகவே கழிகிறது. மே மாதத்தில் திருச்சபைகள் நடத்தும் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) உண்டு, பாட்டும் கதையும் உண்டு. ஆனால் பிள்ளைகள் அன்றன்றே வீடு திரும்பிவிடுவார்கள். அந்த வீட்டில் சுளகும் பீடி இலையும் காத்திருக்கும். இந்த வட்டாரத்துப் பெண்களின் உழைப்பில் பெரும்பங்கு பீடி சுற்றுவது. இலை வெட்டவும் முனை மடக்கவும் பிள்ளைகளின் விரல்கள் நெடுங்காலம் துணை நின்றிருக்கின்றன.

மாரி செல்வராஜின் 'வாழை' (2024) இந்த உண்மையைத் திரையில் நிறுத்தியது. அதன் களம் தூத்துக்குடிப் பக்கத்துப் புளியங்குளம். தொழில் வேறு, பிள்ளைகளின் நிலை ஒன்றே. லீவு நாள்களில் வாழைத்தார் சுமக்கும் சிறுவன் சிவனைந்தானுக்குப் பள்ளிக்கூடம்தான் இளைப்பாறல். லீவு வந்தால் கழுத்து வலி. பள்ளியிலிருந்து தப்பிப்பதே முகாம் படத்தின் இன்பம். இங்கே பள்ளிக்குத் தப்பி ஓடவேண்டியிருக்கிறது. தமிழ்ச் சிறுவர் திரைப்படம் கண்டடைந்த மிகப் பெரிய உண்மையாக இந்தத் தலைகீழ் நிலையையே நான் கருதுகிறேன். ராசி அழகப்பனின் சிறுகதையிலிருந்து கமலக்கண்ணன் எடுத்த 'குரங்கு பெடல்' (2024) இன்னும் மென்மையானது. கோடை லீவில் சைக்கிள் ஓட்டக் கற்கத் துடிக்கும் சிறுவனின் கதை அது. அங்கும் வாடகை சைக்கிளுக்கு மணிக்கணக்கில் காசு தேவை. அந்தக் காசு தீர்ந்தால் சுதந்திரமும் தீர்ந்தது. ஹலிதா ஷமீமின் 'பூவரசம் பீப்பீ' (2014) மூன்று சிறுவர்களைப் பெரியவர்களின் கண்காணிப்புக்கு வெளியே கொண்டுபோகிறது. முகாம் படத்துக்கு வடிவத்தில் மிக நெருங்கியது இதுவே. ஆனால் அச்சிறுவர்கள் அங்கே காண்பது ஊர் மூடிமறைக்கும் பாலியல் குற்றம்.

இந்தப் படங்களோடு சேர்த்து வாசிக்கவேண்டிய ஆவணம் ஒன்று உண்டு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம், 14 வயதுக்குட்பட்டோரை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று சொல்லிவிட்டு இரண்டு விலக்குகள் தருகிறது. ஆபத்தற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் பிள்ளை உதவலாம் என்பது ஒன்று. திரைப்படம் போன்றவற்றில் கலைஞராக நடிக்கலாம் என்பது மற்றொன்று. லீவும் சினிமாவும் ஒரே பிரிவில் அடுத்தடுத்து நிற்கின்றன. 2017இல் வந்த விதிகளின்படி, நடிக்கும் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 5 மணி நேரமே உச்சவரம்பு. வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காடு அப்பிள்ளையின் பெயரில் வங்கியில் வைப்பாக இருக்க வேண்டும். லீவில் வீட்டுத் தொழிலுக்கு உதவும் பிள்ளையின் பெயரில் அப்படி எந்தக் கணக்கும் தொடங்கப்படுவதில்லை.