இரு பெருக்கிகளும் ஓர் இசையும்

மிருதங்கத்திற்கு இரண்டு முகங்கள் உண்டு. வலந்தலை கணீரென்று ஒலிக்கும். தொப்பி எனப்படும் இடந்தலை ஆழ்ந்து முழங்கும். வலந்தலையில் கரணை நிலையாகப் படிந்திருக்க, தொப்பியிலோ வாசிக்கும் பொழுதெல்லாம் ரவையைப் பிசைந்து அப்புகின்றனர். ஆழ்ந்த ஒலிக்கும் உயர்ந்த ஒலிக்கும் வெவ்வேறு அமைப்புத் தேவை என்னும் இவ்வுண்மையை நம் கலைஞர்கள் கைப்பழக்கத்தால் கண்டிருந்தனர். மேலைநாட்டு மின்னொலிப் பொறியியலாளர்களோ இருபதாம் நூற்றாண்டில் அதனைப் படிப்படியாகவே உணர்ந்தனர். பழைய ஒலிபெருக்கிகளுக்கு ஆம்பிளிபயர் எனப்படும் மின்பெருக்கிகளை இரண்டிரண்டாகப் பூட்டும் முறையின் பயனும் அபாயமும் அவ்வரலாற்றை அறிந்தார்க்கே நன்கு விளங்கும்.

1925ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர், காந்தப்புலத்தில் அசையும் கம்பிச்சுருளால் காகிதக் கூம்பை அதிரச் செய்யும் ஒலிபெருக்கியை விளக்கி ஆய்வுரை வெளியிட்டனர். இன்றைய ஒலிபெருக்கிகளிற் பெரும்பாலானவை அதன் வழித்தோன்றல்களே. ஆயினும் ஒரே கூம்பு எல்லாச் சுரங்களையும் ஏந்த இயலவில்லை. ஆழ்ந்த ஒலி மிகுந்த காற்றை அசைக்கவேண்டுவது; அதற்குப் பெரிய கூம்பு வேண்டும். உயர்ந்த ஒலியோ விரைந்து அதிர வேண்டுவது; அதற்குச் சிறிய, இலேசான பகுதி வேண்டும்.

ஆகவே வேலையைப் பகிர்ந்தளித்தனர். 1933 ஏப்ரல் 27 அன்று பெல் ஆய்வுக்கூடத்தார் பிலடெல்பியாவில் நிகழ்ந்த இசையைக் கம்பி வழியே வாஷிங்டன் அரங்கிற்கு அனுப்பியபொழுது, தாழ்ந்த அதிர்வெண்களுக்கும் உயர்ந்தவற்றிற்கும் தனித்தனிக் கொம்புகளை நிறுவியிருந்தனர். சில ஆண்டுகளில் ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவனத்தில் டக்ளஸ் ஷியரர் குழுவினர் அவ்வழியிலேயே திரையரங்குகளுக்கு ஒலிபெருக்கி அமைத்தனர்.

பகிர்ந்தளிக்கும் பணியைச் செய்வது கிராஸ்ஓவர் என்னும் பிரிப்பான். மரபான முறையில் அது பெருக்கிக்குப் பின்னால், ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் கம்பிச்சுருளும் மின்தேக்கியுமாக அமையும். இதில் இரு குறைகள் உள. சுருளின் மின்தடை ஆற்றலில் ஒரு பகுதியை விழுங்கும். மேலும், பேரிகை முழக்கத்தில் பெருக்கி தன் எல்லையை மீறினால், அதனால் விளையும் சிதைவு வயலின் ஒலியையும் கெடுத்துவிடும். பிரிப்பானைப் பெருக்கிக்கு முன்னால் வைத்து, பிரிந்த ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பெருக்கி அளித்தால் இவ்விரு குறைகளும் பெரிதும் நீங்கும். 1976இல் சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ் வெளியிட்ட ஆய்வுரை இத்துறைக்கு உறுதியான கணக்கைத் தந்தது. ரைலியின் பெயரும் சேர்ந்து வழங்கும் அம்முறையில், பிரியும் எல்லையில் இரு பகுதிகளும் பாதிப் பாதி அழுத்தத்துடன் நின்று, கூடும்பொழுது முழுமை எய்துகின்றன.

பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனமாகிய பி.பி.சி., 1970களின் இறுதியில் உருவாக்கிய எல்.எஸ்.5/8 என்னும் ஒலிபெருக்கி இதற்கு நல்ல சான்று. குவாட் 405 பெருக்கியின் இரு பாதிகளில் ஒன்றைத் தாழ்ந்த ஒலிக்கும் மற்றொன்றை உயர்ந்த ஒலிக்கும் அதில் அளித்தனர். ஒரே பெருக்கியின் இரு பாதிகள் ஆதலின் அவற்றின் இயல்பு ஒத்திருந்தது. அமெரிக்காவின் ஜே.பி.எல். 4350 வேறு வகையினது. 250 ஹெர்ட்ஸ் அளவில் பிரியும் அதற்கு இரட்டைப் பெருக்கி இன்றியமையாதது.

பெருக்கியைத் தேர்வோர் இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்குதல் தகும். பொதுவான இசையில் ஏறத்தாழ 300 ஹெர்ட்சில் பிரித்தால் இரு பக்கமும் ஏறக்குறையச் சம ஆற்றல் வேண்டும். பிரியும் எல்லை 2,000, 3,000 ஹெர்ட்ஸ் என உயருமாயின், மேற்பகுதிக்குச் சிறிய பெருக்கியே போதும். அதனாலேயே தாழ்ந்த ஒலிக்கு வலிய டிரான்சிஸ்டர் பெருக்கியையும் உயர்ந்த ஒலிக்கு வால்வு பெருக்கியையும் சிலர் இணைக்கின்றனர். அங்ஙனம் இணைக்குங்கால், இரண்டும் குறிப்பை ஒரே மடங்கு பெருக்குகின்றனவா என அளந்தறிதல் வேண்டும்; வேறுபட்டால் ஒரு பகுதி மற்றொன்றை அமுக்கிவிடும். ஒரு பெருக்கி குறிப்பைத் தலைகீழாக்கி மற்றது ஆக்காவிடின், பிரியும் எல்லையில் ஒலிகள் ஒன்றையொன்று அழிக்கக்கூடும்.

பழைய ஒலிபெருக்கியாயின் எச்சரிக்கை இன்னும் வேண்டும். பின்புறத்தில் இரண்டு இணை முனைகள் உள்ளவற்றில், அவற்றை இணைக்கும் உலோகத் துண்டுகளை முதலில் கழற்ற வேண்டும். இல்லையேல் இரு பெருக்கிகளும் ஒன்றோடொன்று மோதிப் பழுதடையும். உள்ளிருக்கும் பிரிப்பானைப் பயனற்றதென்று வெட்டி எறிதல் பெருந்தவறு. கூம்புகளின் இயற்கைக் குறைகளைச் சீர்செய்யும் பணியையும் பல பிரிப்பான்களுக்கு அவற்றை வடித்தோர் அளித்துள்ளனர். அதை நீக்குவோர் அத்திருத்தத்தையும் இழப்பர். டுவீட்டர் எனப்படும் சிறு ஒலிப்பகுதியைப் பெருக்கியோடு நேரே இணைக்குங்கால் இடையே தக்கதொரு மின்தேக்கி காவலாக இருத்தல் நலம். பெருக்கியை முடுக்கும்போது எழும் ஓர் அதிர்ச்சியே அதன் மெல்லிய சுருளைக் கருக்கப் போதும். உற்பத்தி நின்றுபோன அப்பகுதிக்கு மாற்றுக் கிடைப்பது அரிது.

வேலையைப் பிரித்தளிக்க ஒரு பிரிப்பான் போதும். பிரிந்தவற்றை மீண்டும் ஓர் இசையாகக் கேட்கச் செய்வதற்கோ அளவறிவும் பொறுமையும் வேண்டும். தொப்பியும் வலந்தலையும் தம்முள் இசையுமாறு சுருதி சேர்த்த பின்னரே மிருதங்கக்காரர் மேடையில் கை வைக்கிறார். இரண்டு பெருக்கிகளைப் பூட்ட விழைவோர்க்கும் அதுவே முறை.