மின்வண்டியும் நகர விளக்கும்

வீட்டு வாயிலில் நிற்கும் மின்சாரக் கார், வேண்டும்பொழுது நகருக்கே மின்சாரம் வழங்கும் என்று அறிஞர் கூறுகின்றனர். கேட்போர் இதனைப் புதுமை என்று வியக்கின்றனர். ஆயின், வண்டிக்கென எழுந்த மின்சாரம் நகருக்கு விளக்கேற்றிய வரலாறு நம் அருகிலேயே உண்டு.

சிங்கப்பூரில் 1905ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிற்று. அதன்பொருட்டு மெக்கன்சி சாலையில் மின்நிலையம் ஒன்று எழுந்தது. நகராட்சி மன்றத்தார் டிராம் கம்பெனியாரிடமே மின்சாரத்தை மொத்தமாக விலைக்குப் பெற்று, 1906இல் ராபிள்ஸ் பிளேஸ், நார்த் பிரிட்ஜ் சாலை, போட் கீ ஆகிய இடங்களில் தெருவிளக்கு எரித்தனர். வண்டி முந்தியது, விளக்கு அதன்பின் வந்தது.

1927இல் டிராம் மறைந்தது. மேல்கம்பியில் மின்சாரம் பெற்று ஓடிய டிராலி பஸ்ஸும் 1962இல் நின்றது. சாலை முழுதும் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் உரியதாயிற்று.

அறுந்த உறவைப் புதுப்பிக்கும் வழியை 1997இல் வில்லெட் கெம்ப்டன், ஸ்டீவன் லெட்டெண்டிரே என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் எழுதிக் காட்டினர். கார் நாளின் பெரும்பகுதி நின்றே கிடக்கின்றது. அதன் மின்கலத்தை நகரின் களஞ்சியமாகக் கொள்ளலாம் என்பது அவர்தம் கருத்து. டிராமுக்கு இவ்வாற்றல் இல்லை; அது பெற்றதை அக்கணமே செலவிட்டது. மின்கலமோ நெற்குதிர் போன்றது. 50 யூனிட் கொள்ளும் மின்கலம், நாளொன்றுக்கு 10 யூனிட் செலவிடும் வீட்டுக்கு ஐந்து நாள் போதும்.

ஆயினும், எல்லாரும் மாலையில் வீடு திரும்பியவுடன் ஒருங்கே மின்னேற்ற முற்பட்டால், விளக்கும் அடுப்பும் எரியும் அவ்வேளையில் மின்கம்பிகள் பாரம் தாங்கா. ஆதலால் வெயில் காயும் நண்பகலிலோ நள்ளிரவிலோ ஏற்றி, மாலையில் திருப்பித் தருமாறு காலத்தை ஒழுங்குசெய்யும் கருவிகள் வேண்டும். 2030க்குள் 60,000 மின்னேற்றுமிடங்கள் அமைக்கச் சிங்கப்பூர் திட்டமிட்டுள்ளது. எண்ணிக்கையினும் இவ்வொழுங்கே முதன்மையானது.

இன்னும் ஒன்று. நான் பிறந்த தோட்டத்து லயத்தில் இரவு சில மணி நேரமே விளக்கு எரியும். எஞ்சின் நின்றால் எங்கள் படிப்பும் நின்றுவிடும். 1906இல் ஒளி முதலில் கண்டவை கடைத்தெருக்களே. இன்று கார் உடையோர் மின்சாரம் விற்று ஊதியம் பெறலாம். கார் இல்லாதார்க்கு என்ன பயன்? இவ்வினாவையும் சேர்த்தே மாணவர்க்குக் கற்பிப்போமாக.