வேலிக்குள் அடங்காத பூனை: ஓர் அண்டை வழக்கின் சட்ட வரலாறு

அண்டை நிலத்து மாடு வேலி தாண்டி வந்து பயிரை மேய்ந்தால் அந்த நட்டத்தை மாட்டுக்காரரே ஈடுகட்ட வேண்டும் என்பது உழவுத் தொழில் நிலைபெற்ற நாடுகள் பலவற்றில் வேரூன்றிய நெறியாகும். பிரிட்டிஷ் இந்திய அரசு 1871இல் இயற்றிய கால்நடை அத்துமீறல் சட்டம் இந்நெறிக்கு எழுத்துவடிவம் தந்து, பயிரை அழிக்கும் கொண்டிமாடுகளைப் பிடித்துப் ‘பவுண்டு’ எனப்படும் கொண்டித்தொழுவில் அடைக்கவும், தண்டத்தையும் தீனிச் செலவையும் கட்டிய பின்னரே அவற்றை உரியவரிடம் விடவும் வகைசெய்தது. யானை, ஒட்டகம், எருமை முதல் பன்றி, ஆடு ஈறாக எவையெல்லாம் கால்நடை என்று அச்சட்டம் வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் பூனைக்கு இடமில்லை. இச்சட்டத்தின் மூலமான ஆங்கிலப் பொதுச்சட்டத்திலும், அதாவது நாடாளுமன்றம் இயற்றாமல் நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே வளர்ந்த சட்டத் தொகுதியிலும், நிலை இதுவே. வளர்ப்புப் பூனை அயலார் தோட்டத்தில் நுழைந்து கோழியையோ புறாவையோ கொன்றால் அந்த இழப்பை அயலாரே சுமக்க வேண்டியிருந்தது. அச்சுமை பூனையின் உடையவர் மேல் திரும்பத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில்தான். அந்தத் திருப்பத்தை உண்டாக்கியதில் அண்டை வீட்டார் தொடுத்த வழக்குகளுக்குப் பெரும்பங்கு இல்லை என்பதே இவ்வரலாற்றின் விந்தை.

இடைக்கால ஐரோப்பாவின் பழைய சட்டங்கள் பூனையைத் தானியக் காவலாளாகவே கண்டன. ஏறத்தாழ 7, 8ஆம் நூற்றாண்டுகளில் எழுத்துவடிவம் பெற்ற அயர்லாந்துச் சட்ட நூல்களின்படி, வீட்டையும் களஞ்சியத்தையும் எலியிடமிருந்து காப்பதோடு இதமாக உறுமவும் வல்ல பூனைக்கு மூன்று பசுக்கள் மதிப்பு; உறுமுவதைத் தவிர வேறொன்றும் அறியாத பூனைக்கு அதில் பாதி. கவனக்குறைவாகத் திறந்து வைக்கப்பட்ட சமையலறை உணவைப் பூனை தின்றுவிட்டால் உடையவர்மேல் குற்றமில்லை. பாதுகாப்பாக மூடிவைத்ததைக் களவாடினால்தான் அவர் பொறுப்பாவார். பொருளைக் காத்துக்கொள்ள வேண்டிய முதற்கடமை பொருளுக்கு உரியவருடையது என்னும் கருத்து அப்போதே இவ்விதியில் இருக்கிறது. வேல்ஸ் நாட்டில் 10ஆம் நூற்றாண்டு அரசர் ஹைவெல் தாவின் பெயரால் வழங்கும் சட்டத் தொகுதி, கண் திறவாத குட்டிக்கு ஒரு பென்னி, எலி பிடிக்கும் பருவம் வரை இரண்டு பென்னி, எலி பிடித்த பின் நான்கு பென்னி என்று விலை வகுத்தது. விற்கப்படும் பூனைக்குக் கண்ணும் காதும் நகமும் பழுதின்றி இருக்க வேண்டும், அது தன் குட்டிகளைத் தின்னக்கூடாது, அமாவாசை கழிந்து பிறை தோன்றும்போதெல்லாம் துணை தேடிக் கத்தித் திரியக்கூடாது என்றும் அது விதித்தது. அயலாரின் உறக்கத்தைக் கெடுக்கும் இரவுக் கூச்சல் அக்காலத்திலேயே குறையாகக் கருதப்பட்டதாயினும், அது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான குறையாகவே நின்றுவிட்டது. அயலார் அதைக் காட்டி முறையிட வழியில்லை.

ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் பூனையின் மதிப்பு இதைவிடக் கீழே இறங்கியது. பிளாக்ஸ்டன் 18ஆம் நூற்றாண்டில் எழுதிய புகழ்பெற்ற சட்ட விளக்கவுரையில், மனமகிழ்ச்சிக்காக மட்டும் வளர்க்கப்படும் நாய், பூனை, கிளி போன்றவற்றைத் திருடுவது களவுக் குற்றமாகாது என்று கூறப்படுகிறது. உடைமையாகவே முழுமையாக மதிக்கப்படாத விலங்குக்கு உடையவர் முழுப்பொறுப்பு ஏற்க வேண்டும் என்று சொல்லச் சட்டம் தயங்கியது இயல்பே. மாடு அத்துமீறினால் உடையவரின் கவனக்குறைவை மெய்ப்பிக்காமலே நட்டஈடு கிடைத்தது. பூனைக்கோ, லத்தீன் மொழியிலிருந்து வந்த ‘சயன்டர்’ என்னும் பெயரால் சட்டத்தார் குறிக்கும் முன்னறிவு விதி பொருந்தியது. குறிப்பிட்ட ஒரு விலங்குக்கு அதன் இனத்துக்குப் பொதுவாக இல்லாத ஒரு கொடுங்குணம் உண்டு என்பதை உடையவர் முன்பே அறிந்திருந்தார் என்று வழக்குத் தொடுத்தவர் காட்டினாலொழிய அவருக்கு ஈடு கிடையாது என்பதே அவ்விதியின் சாரம்.

இவ்விதி அதன் முழுக் கடுமையோடு சோதிக்கப்பட்டது 1926இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் முடிந்த பக்கிள் எதிர் ஹோம்ஸ் வழக்கில். ஒருவருடைய பூனை பக்கத்து இடத்துக்குள் நுழைந்து 13 புறாக்களையும் இரண்டு குட்டை இனக் கோழிகளையும் கொன்றுவிட்டது. பறவையைக் கொல்வது பூனையின் பிறவிக்குணம் என்பதை எந்த உடையவரும் அறிவார், ஆகையால் முன்னறிவைத் தனியே மெய்ப்பிக்கத் தேவையில்லை என்பது வாதியின் தரப்பு. அந்தப் பிறவிக்குணத்தையே நீதிமன்றம் உடையவருக்குச் சாதகமாகத் திருப்பியது: எல்லாப் பூனைகளுக்கும் பொதுவான குணம் எனில் அதை ஒரு தனிப் பூனையின் கொடுங்குணம் எனக் கொள்ள முடியாது, மாட்டின் அத்துமீறலுக்கான கடும்பொறுப்பைப் பூனைக்கு நீட்டவும் முடியாது. நாய் கால்நடையைக் கடித்தால் முன்னறிவை மெய்ப்பிக்காமலே உடையவர் பொறுப்பாவார் என்று 1906ஆம் ஆண்டின் நாய்கள் சட்டம் ஏற்கெனவே பழைய விதியை மாற்றியிருந்தது. பூனைக்கு அத்தகைய சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றவில்லை. இவ்வாறு, புறா வளர்ப்பவர் தம் கூட்டைத் தாமே வலையிட்டுக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது நடைமுறையில் நாட்டின் சட்டமாயிற்று.

அமெரிக்க நீதிமன்றங்களும் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்தன. பூனை சுற்றித் திரிவது அதன் இயல்பு, தீங்கு செய்யும் குணமுடையது என்று தெரிந்தாலன்றி அதைக் கட்டிவைக்கும் கடமை உடையவருக்கு இல்லை என்று கனெக்டிகட் மாநில உச்ச நீதிமன்றம் 1914இல் தீர்ப்பளித்தது. ஆயினும் அக்காலத்தில் அமெரிக்காவில் பறவைப் பாதுகாப்பு இயக்கம் வலுப்பெற்று வந்தது. பயிரைத் தின்னும் பூச்சிகளை உண்ணும் பறவைகள் உழவரின் நண்பர்கள் என்ற கருத்து பரவியிருந்த நிலையில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பறவையியலாளராகப் பணியாற்றிய எட்வர்ட் ஹவ் ஃபோர்புஷ், பூனைகள் காட்டுப் பறவைகளுக்கு விளைவிக்கும் சேதத்தையும் அவற்றைக் கட்டுப்படுத்தும் வழிகளையும் விரிவாக ஆராயும் அரசு வெளியீடு ஒன்றை 1916இல் எழுதினார். அதுவரை சில புறாக்கள், ஒரு கூண்டுப் பறவை என்று தனித்தனியே எண்ணப்பட்ட இழப்பு, இப்போது ஒரு மாநிலத்தின் பொது இழப்பாகக் கூட்டிக் கணக்கிடப்பட்டது.

இக்கருத்தின் வழியில் இல்லினாய் மாநிலச் சட்டமன்றம் 1949இல் பூச்சியுண்ணும் பறவைகளைக் காக்கும் பெயரால் ஒரு சட்டவரைவை நிறைவேற்றியது. அதன்படி, தம் இடத்துக்கு வெளியே பூனையைத் திரியவிடும் உடையவருக்குத் தண்டம் உண்டு. அப்படித் திரியும் பூனையை எவரும் பொறிவைத்துப் பிடிக்கலாம், காவலரை அழைத்தும் பிடித்துக்கொடுக்கலாம். பின்னாளில் 1952இலும் 1956இலும் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று தோற்ற ஆளுநர் அட்லாய் ஸ்டீவன்சன், 1949 ஏப்ரலில் இவ்வரைவுக்கு ஒப்புதல் மறுத்தார். துணையின்றி ஓரளவு திரிவது பூனையின் இயல்பு, நாட்டுப்புறங்களில் எலியை ஒழிக்கும் அதன் வேலை நில எல்லை பார்த்து நடப்பதன்று, இச்சட்டம் அண்டை வீட்டாரிடையே பகையைத்தான் வளர்க்கும் என்பன அவர் காட்டிய காரணங்கள். பூனைக்கும் பறவைக்கும் இடையிலான பகையைச் சட்டத்தால் தீர்க்கப் புகுந்தால், நாய்க்கும் பூனைக்கும், ஏன், பறவைக்கும் புழுவுக்கும் இடையிலும் அரசு தீர்ப்புச் சொல்ல நேரும் என்ற அவருடைய எள்ளல் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. எனினும் அவர் சொன்னவற்றுள் வரலாற்றுக்கு முதன்மையானது, பகையைப் பற்றிய கூற்றே: யார் வேண்டுமானாலும் பொறிவைக்கலாம் என்னும் சட்டம் பறவையைக் காக்குமுன் தெருவைப் பிளந்துவிடும் என்பதை அவர் கண்டார்.

பூனையை வீட்டுக்குள் வைத்திருக்கச் சொல்வது அன்றைய நிலையில் எளிதாகவும் இல்லை. கழிவுக்கு மணலையும் சாம்பலையும் நம்பியிருந்த வீடுகளில் பூனை வெளியே போய்வருவதே வழக்கம். மிச்சிகன் மாநிலத்தில் எட்வர்ட் லோ என்பவர் 1947இல், ஈரத்தை உறிஞ்சும் ஒருவகைக் களிமண் துகளைப் பூனைத் தட்டுக்கென விற்கத் தொடங்கிய பின்னரே, ஆண்டு முழுவதும் கதவடைத்து வளர்ப்பது நகர்ப்புறக் குடும்பங்களுக்குப் பழகியது. கருத்தடை அறுவை பரவலாகியதும் ஆண்பூனை துணைதேடி அலைவதும் குறைந்தது. சட்டம் ஒரு கடமையை விதிப்பதற்கு முன் அக்கடமை செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். அந்நிலை வந்தது இல்லினாய் வரைவு தோற்ற பிறகுதான்.

முதல் உறுதியான மாற்றம் ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. மெல்போர்ன் நகரின் எல்லையில் உள்ள டாண்டினாங் மலைக்காடுகளில் தரையில் இரைதேடும் யாழ்ப்பறவையைக் காப்பதற்காக, ஷெர்புரூக் உள்ளாட்சி மன்றம் 1991இல் பூனைகளுக்கு இரவு ஊரடங்கு விதித்தது. 1994இல் விக்டோரியா மாநிலம் இயற்றிய வளர்ப்பு விலங்குச் சட்டம் அண்டைப் பூசலுக்கும் ஒரு முறையான வழியைத் திறந்தது. ஒருவருடைய இடத்துக்குள் ஒரு பூனை அவர் இசைவின்றி ஒருமுறைக்கு மேல் வந்தால் அவர் அதைப் பிடிக்கலாம். பிடித்ததை உள்ளாட்சி மன்றத்திடம் ஒப்படைக்க வேண்டும். மன்றம் உடையவருக்கு ஆட்சேப அறிவிப்பு அனுப்பும். அதன்பின்னும் பூனை அங்கே வருமானால் உடையவர் குற்றவாளியாவார். பூனையைப் பிடிக்கும் கூண்டுப்பொறியை மன்றங்களே வாடகைக்குத் தருவதும் உண்டு. அயலாரின் சினத்துக்கும் பூனைக்கும் நடுவே ஓர் அலுவலகத்தை நிறுத்தியதன் மூலம், ஸ்டீவன்சன் அஞ்சிய நேரடி மோதலை இம்முறை ஓரளவு தவிர்த்தது. தலைநகர் கான்பராவில் 2005 முதல் சில புதிய குடியிருப்புகளில் மட்டும் இருந்த அடைப்பு விதி, 2022 ஜூலை 1 முதல் அத்தேதிக்குப் பின் பிறந்த எல்லாப் பூனைகளுக்கும் விரிந்தது. அதே 2022இல் ஜெர்மனியின் வால்டார்ஃப் ஊரில், தரையில் கூடுகட்டும் கொண்டை வானம்பாடியின் குஞ்சுகளைக் காக்க, கோடை மாதங்களில் பூனைகளை வெளியே விடலாகாது என்ற ஆணை பிறந்தது.

சிங்கப்பூரில் மாற்றத்தின் காரணம் வேறு. பெரும்பாலான மக்கள் வாழும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பூனை வளர்க்கப் பல பத்தாண்டுகள் தடை இருந்தது. பூனையை வீட்டுக்குள் நிறுத்துவது கடினம், அது பொது இடங்களில் மலம் கழிக்கும், மயிர் உதிர்க்கும், இரவில் கத்தும் என்பன அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். இவை யாவும் அண்டை வீட்டார் புகார்களின் பட்டியலே. 2024 செப்டம்பர் 1 முதல் உரிமம் பெற்று வீட்டுக்கு இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம் என்று தடை தளர்ந்தபோது, பூனை வெளியே திரியாமல் பார்த்துக்கொள்வது உடையவரின் பொறுப்பாக வைக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் கட்டுப்பாடாக வந்த அதே கடமை, இங்கே ஓர் உரிமைக்கான விலையாக வந்தது.

இங்கிலாந்து மட்டும் பழைய நிலையிலிருந்து அதிகம் விலகவில்லை. 1971ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் மாடு, ஆடு, குதிரை, கோழி ஆகியவற்றின் அத்துமீறலுக்கு உடையவரைப் பொறுப்பாக்கிவிட்டுப் பூனையை விட்டுவிட்டது. நாய்மேல் வண்டி ஏற்றியவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்னும் 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் பூனையைச் சொல்லவில்லை. 2024 ஜூன் 10 முதல் வளர்ப்புப் பூனைகளுக்கு அடையாளச் சில்லுப் பொருத்துவது கட்டாயமாயிற்று என்றாலும், அது பூனை யாருடையது என்பதைச் சொல்லுமேயன்றி, அது எங்கே போகலாம் என்பதைச் சொல்லாது. ஆக, மெல்போர்ன் புறநகரில் பாத்தி கிளறப்பட்ட தோட்டக்காரர், யாழ்ப்பறவைக்காக எழுந்த இயக்கம் வழிதிறந்த சட்டத்தைத் தமக்காகப் பயன்படுத்திக்கொள்ள முடிகிறது. அதே குறையோடு லண்டனில் இருப்பவர், 1926இல் போலவே தம் செலவில் வலை வாங்கித் தம் பாத்தியை மூடிக்கொள்கிறார்.