சோலார் பேனல்: எப்போது கட்டுப்படியாகும்?

மொட்டைமாடியில் சோலார் வைக்கலாமா என்று பேச்செடுத்தால், "போட்ட பணம் எத்தனை வருஷத்தில் திரும்பும்?" என்பதுதான் முதல் கேள்வி. இந்தக் கேள்விக்கு 70 வயதாகிறது.

1954 ஏப்ரலில் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் தன் சிலிக்கான் சோலார் செல்லை உலகுக்குக் காட்டியது. விழும் வெயிலில் 6 சதவீதம் மின்சாரமானது. பத்திரிகைகள் பாராட்டின, வாங்கத்தான் ஆளில்லை. கம்பியில் வந்த மின்சாரம் பல மடங்கு மலிவு.

கம்பியே போகாத இடம்தான் முதலில் வாங்கியது. 1958 மார்ச்சில் ஏவிய வான்கார்டு-1 செயற்கைக்கோளின் பேட்டரி சீக்கிரமே தீர்ந்தது. சோலார் செல்லில் இயங்கிய டிரான்ஸ்மிட்டர் 1964 வரை ஒலித்தது.

1970-களில் எலியட் பெர்மன் என்ற விஞ்ஞானி வாட்டுக்கு 100 டாலராக இருந்த விலையை 20 டாலராக இறக்கினார். அப்போதும் வீட்டுக்காரர்கள் வாங்கவில்லை. நடுக்கடல் எண்ணெய் மேடைகளின் எச்சரிக்கை விளக்குகளுக்கு வாங்கினார்கள். படகில் ஆள் அனுப்பி பேட்டரி மாற்றுவதைவிட இது மலிவு.

வீட்டுக் கூரைக்குப் பெரிய அளவில் வழி திறந்தது ஜெர்மனி. 2000-இல் வந்த சட்டம், கூரையிலிருந்து வரும் மின்சாரத்துக்கு 20 ஆண்டுகள் நிலையான விலை தந்தது. தேவை பெருகியது, சீனத் தொழிற்சாலைகள் வளர்ந்தன. இன்று பேனல் விலை வாட்டுக்கு அரை டாலருக்கும் கீழே.

ஆக, பேனல் விலையை மட்டும் பார்த்து யாரும் முடிவெடுக்கவில்லை. எந்த மின்சாரத்துக்குப் பதிலாக அது வருகிறது என்றே பார்த்தார்கள்.

நமக்கும் அதே கணக்குதான். இலவச யூனிட் பெறும், குறைவாகச் செலவழிக்கும் வீட்டுக்கு லாபம் சொற்பம். லிப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு ஓடும் பொது மீட்டர் வேறு கதை. 2022-இல் அதற்குத் தனிப் பிரிவு வந்து, யூனிட் 8 ரூபாய் ஆனது, இலவசமும் கிடையாது.

ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத சுமார் 100 சதுர அடி வேண்டும். நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் வரும். 5 கிலோவாட் என்றால் மாதம் 600 யூனிட், 2022-இன் 8 ரூபாய் விலையில் 4,800 ரூபாய். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. கொட்டேஷனில் 90,000 ரூபாயைக் கழித்து, மீதியை 4,800-ஆல் வகுத்தால் எத்தனை மாதம் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். மின்வாரியம் வசூலிக்கும் நெட்வொர்க் கட்டணத்தையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பு கரண்ட் போனால் வேலை செய்யாது என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்த பொதுக்குழுவுக்கு வரும்முன் பொது மீட்டரின் ஓராண்டு பில்லைப் பாருங்கள். மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழல் எங்கே விழுகிறது என்றும் ஒருமுறை ஏறிப் பாருங்கள்.