ஜோடியே இல்லாமல் நாற்பது வருஷம்: கொடுமுடி சுந்தராம்பாள்

ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும்போதெல்லாம் நான் ஸ்டூடியோவைப் பத்திதான் யோசிப்பேன். ஆனா கொண்டப்பநாயக்கன்பட்டியில எங்க ஆயாவுக்கு சினிமான்னா ஒரே குரல்தான். டிவியில 'திருவிளையாடல்' போட்டா, கே.பி.சுந்தராம்பாள் வர்ற இடத்துல சத்தத்தைக் கூட்டச் சொல்லும். "அந்தம்மா மைக்கே இல்லாம பாடுனவங்க சாமி!" இன்னிக்கு எபிசோட் அவங்களைப் பத்தி.

1908ல கொடுமுடியில பிறந்தவர். ஈரோட்டுக்கும் கரூருக்கும் நடுவுல, காவிரிக்கரை ஊர். வறுமை. சின்னப் பொண்ணா ரயில்ல பாடிக்கிட்டிருந்தப்ப கேட்டவங்க நாடகத்துக்குக் கொண்டுபோனாங்க.

அப்போ இருந்தது ஸ்பெஷல் நாடகம். எனக்கு இது மென்பொருள் மாதிரி தெரியுது. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதுன 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' மாதிரி நாடகங்கள் எல்லா நடிகருக்கும் மனப்பாடம். காண்ட்ராக்டர் ஒவ்வொருத்தரையும் தனித்தனியா புக் பண்ணுவார். ஒத்திகை கிடையாது, நேரா மேடையிலதான் சந்திப்பு. பாட்டும் தர்க்கமும் விடிய விடிய நடக்கும். எதிராளி இழுத்தா நீங்களும் இழுக்கணும், கடைசி வரிசைக்கும் கேக்கணும். சுந்தராம்பாள் குரல் அங்க பழகுன குரல்.

அப்படி இலங்கை மேடையில சேர்ந்தவர்தான் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா. ரெண்டு பேரும் சேர்ந்தா டிக்கெட் கிடைக்காது. 1927ல கல்யாணம். அவருக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. பிறந்த குழந்தை தங்கல. நடுவுல பிரிவும் வந்தது. 1933 டிசம்பர்ல கிட்டப்பா இறந்தார், வயசு 27. சுந்தராம்பாளுக்கு 25.

அவங்க பிறக்குறதுக்கு முந்தின வருஷம், 1907ல, லண்டன்ல லில்லி எல்சி நடிச்ச ஒரு இசைநாடகம் 778 காட்சி ஓடுச்சு. பேரு 'தி மெர்ரி விடோ', சந்தோஷமான விதவை. பணக்கார விதவை மறுபடி காதலிச்சு கல்யாணம் பண்ற கதை. இங்க நிஜத்துல ஒரு விதவை வெள்ளைச் சேலை கட்டி, இனி எந்த ஆணுக்கும் ஜோடியா நடிக்க மாட்டேன்னு சபதம் எடுத்தார்.

ஜோடிப் பாட்டுதான் அந்தத் தொழிலே. அதை விட்டா மிச்சம் என்ன? கடையை மூட வேண்டியதுதானே?

மூடல. 1935ல 'பக்த நந்தனார்' படத்துல நந்தனாராவே, ஆண் வேஷத்துல, நடிச்சார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். பவுன் முப்பது ரூபாய்க்குள்ள இருந்த காலம். கணக்குப் போட்டா மூவாயிரம் பவுனுக்கு மேல. அடுத்து துறவியான மணிமேகலை (1940), ஜெமினியின் 'ஔவையார்' (1953), 'பூம்புகார்' படத்துல கவுந்தியடிகள் (1964), 'திருவிளையாடல்' ஔவை (1965). பட்டியலைப் பாருங்க: ஒண்ணுலகூட காதலி வேஷம் இல்லை. காங்கிரஸ் மேடைகள்ல பாடி, சென்னை மேலவை உறுப்பினரும் ஆனார்.

அந்த சபதத்தைத் தியாகம்னு மட்டும் கொண்டாட எனக்கு மனசு வரல. விதவை இப்படித்தான் இருக்கணும்னு 25 வயசுப் பொண்ணை ஊரே எதிர்பார்த்த காலம் அது. அந்த அழுத்தம் எவ்வளவு, துக்கம் எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நாடகக்காரின்னு இளக்காரமா பார்த்த அதே ஊர், வெள்ளைச் சேலையும் திருநீறுமா வந்து நின்னதும் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. சுருங்கிப்போன இடத்துக்குள்ளேயே தனக்குன்னு ஒரு பெரிய மேடையைக் கட்டிக்கிட்டாங்க. 1980ல காலமாகுற வரைக்கும் அது அவங்க மேடைதான்.

ஒருநாள் ஆயாகிட்ட கேட்டேன், "அந்தம்மா ஏன் எப்பவும் கிழவி வேஷமே போட்டாங்க?" எங்க ஆயாவும் சின்ன வயசுலயே தாத்தாவை இழந்தவங்க. டிவியைப் பார்த்தபடியே சொன்னாங்க: "கிழவியானாதான் சாமி, எங்களைப் பேச விடுவாங்க."

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.